8 கிலோ வீல், 12 கிலோ வீல்: விரிசலுக்கு எடைதான் காரணமா?

கடையாணி:
ஸ்போர்ட்ஸ் காரோடு வரும் 18 இன்ச் காஸ்ட் (உருக்கி அச்சில் வார்த்த) அலுமினிய வீல் 11, 12 கிலோ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 8 கிலோ வீல் மாட்டுகிறவர்கள், குறைந்த 4 கிலோவை வெறும் கொழுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டீலுக்கு இருப்பதுபோல "இந்த அழுத்தத்துக்குக் கீழே எத்தனை கோடி சுற்று போனாலும் ஒன்றும் ஆகாது" என்ற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு சுற்றும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். உலோகத்தைக் குறைத்தால் அழுத்தம் கூடும், ஆயுள் குறையும். தினமும் தெருவில் ஓடும் காருக்கு ஒரிஜினல் வீலே போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

நாலுசக்கரம்:
மறுக்கிறேன் சார். எந்த உலோகம், எப்படிச் செய்தது என்று சொல்லாமல் எடையை மட்டும் எடுத்து வைத்தால் எப்படி? காஸ்ட் வீலில் வரும் ஏ356-டி6 அலுமினியக் கலவை சுமார் 200 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அளவு) வந்ததும் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும், சில சதவீதம் நீண்டதும் உடையும். ஃபோர்ஜ்டு (வார்க்காமல் கட்டியை அழுத்தி உருவாக்கிய) 6061-டி6 சுமார் 275 வரை தாங்கும், உடைவதற்கு முன் 10 சதவீதத்துக்கு மேல் நீளும். அதனால்தான் பள்ளத்தில் விழுந்தால் காஸ்ட் வீல் பிளக்கிறது, ஃபோர்ஜ்டு பெரும்பாலும் வளைந்து நிற்கிறது. ஜப்பானின் ரேஸ் (RAYS) நிறுவனத்தின் டிஇ37 என்ற ஃபோர்ஜ்டு வீல் வந்தது 1996-ல். பெயரில் உள்ள 37, 15 இன்ச் அளவில் அது 3.7 கிலோ இருந்ததைக் குறிப்பது. இன்றும் ஓட்டுகிறார்கள். எடை குறைவு என்பதாலேயே உடையும் என்றால் அது இத்தனை வருஷம் நின்றிருக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது லோடு ரேட்டிங். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் அதிகபட்ச எடை இருக்கும். 1,100 கிலோ என்றால் பாதி, 550. வீலின் பின்புறம் பொறித்திருக்கும் எண் அதைவிடத் தாராளமாகக் கூட இருக்க வேண்டும். 690 என்றால் நிம்மதி. எண்ணே இல்லாத வீலைத் தொடவே வேண்டாம்.

அப்பெக்ஸ்:
இரண்டு பேரும் ஓட்டும் விதத்தை விட்டுவிட்டீர்கள். ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானிய அலாய் வீல் தரத்தின் வளைவுச் சோதனையில் வீலுக்குக் கொடுக்கும் திருப்புவிசை எப்படி வருகிறது என்று பாருங்கள்: வீல் சுமை × (0.7 × டயர் ஆரம் + ஆஃப்செட்) × 1.5. ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம். சுமை 500 கிலோ, ஆரம் 0.31 மீட்டர், ஆஃப்செட் 35 மி.மீ. என்று போட்டால் ஏறத்தாழ 1,850 நியூட்டன் மீட்டர். அதில் 1 லட்சம் சுற்று தாங்கினால் பாஸ்.

அந்த 0.7 என்பது டயரின் பிடிப்புக்கான எண். சூடான ஸ்லிக் (வரி வெட்டில்லாத பந்தய) டயர் 1.3 வரை பிடிக்கும். வளைவில் வெளிப்பக்க வீலின் மேல் ஒன்றரை மடங்கு சுமை ஏறும். சோதனைக்காகச் சேர்த்த கடைசி 1.5-ஐ விட்டுவிட்டாலும் அதே கணக்கில் 3,200 நியூட்டன் மீட்டர் வருகிறது. அழுத்தம் இரட்டித்தால் ஆயுள் பாதியாகும் என்று நினைக்காதீர்கள், பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இன்னொன்று, இந்த டயரில் 1 லட்சம் சுற்று என்பது 200 கி.மீ.கூட இல்லை. ட்ராக் முழுக்க வளைவு இல்லைதான், ஆனாலும் எண் அதிர வைக்கிறது அல்லவா?

ஆகவே விரிசல் எங்கே என்று முதலில் கேளுங்கள். உள் விளிம்பில் வந்தால் பெரும்பாலும் பள்ளம். ஸ்போக் அடியிலோ நட்டுத் துளையைச் சுற்றியோ வந்தால் பக்கவாட்டு விசை, இல்லாவிட்டால் தவறான பொருத்தம். முன்னதற்கும் பின்னதற்கும் மருந்து வேறு.

கடையாணி:
நல்ல கணக்கு. என் வாதத்துக்கே தோள் கொடுக்கிறது. அதே தரத்தின் 13 டிகிரி மோதல் சோதனையையும் சொல்லிவிடுகிறேன். வீல் சுமையின் 0.6 மடங்கோடு 180 கிலோ கூட்டிய எடையை 230 மி.மீ. உயரத்திலிருந்து போடுவார்கள். விழுவது வெளி விளிம்பில். ஆனால் தெருப் பள்ளம் அடிப்பது பெரும்பாலும் உள் விளிம்பை, அங்கே முட்டுக் கொடுக்க ஸ்போக்கே கிடையாது. கார் கம்பெனிகள் பல இதைத் தனியாகச் சோதிக்கின்றன. வெளிச்சந்தை வீல் செய்கிற எல்லோரும் செய்கிறார்களா?

முத்திரையிலும் ஓட்டை இருக்கிறது. ஜேடபிள்யூஎல் என்பது தயாரிப்பாளர் தானே சோதித்துப் போட்டுக்கொள்வது. விஐஏ முத்திரையும் கூட இருந்தால்தான் வெளியார் ஒருவர் பார்த்திருக்கிறார் என்று பொருள். காப்பி வீலில் இரண்டையும் வார்த்துவிட எவ்வளவு நேரமாகும்!

அப்புறம் இந்த ஃப்ளோ ஃபார்ம்டு. விளம்பரத்தைப் படித்தால் ஃபோர்ஜ்டின் தம்பி மாதிரி இருக்கும்.

நாலுசக்கரம்:
ஃப்ளோ ஃபார்ம்டு விஷயத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். உருளைகள் அழுத்தி இழுப்பது பேரலை (டயர் உட்காரும் வளையப் பகுதியை) மட்டும்தான், முகமும் ஸ்போக்கும் வார்த்த வார்ப்பாகவே இருக்கும். பள்ளத்துக்கு நல்லது. ஸ்லிக் போட்டு ட்ராக்குக்கு எடுத்துப் போனால் ஸ்போக் அடியில் சாதாரண காஸ்ட்தான்.

உள் விளிம்புக்கு வருகிறேன். பாதிப் பழி வீலுக்குச் சேராது, டயருக்குச் சேரும். 245/40 ஆர்18-ஐயும் 245/35 ஆர்19-ஐயும் ஒப்பிடுங்கள். மொத்த விட்டத்தில் வித்தியாசம் 1 மி.மீ. மட்டும். பக்கச்சுவர் 98-லிருந்து 86 மி.மீ. ஆகிவிடும். அந்த 12 மி.மீ. போனபிறகு காற்றும் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைந்தால் பள்ளத்தின் விளிம்பு ரிம்மையே தொடும். 12 கிலோ ஒரிஜினல் வீலும் அங்கே பிளக்கும். தெருவில் ஓடும் காருக்கு ஒரு இன்ச் சின்ன வீலும் உயரமான டயரும் போடுங்கள், எடையும் குறையும், ரிம்மும் பிழைக்கும். பிரேக் காலிப்பர் இடிக்காமல் உள்ளே அடங்குமா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

கியர்மாத்தி:
ஒரு கேள்வி தல. உள் விளிம்பில் 2 செ.மீ. விரிசல் இருந்தால் டிக் வெல்டிங் வைத்து ஓட்டலாமா? வைத்துத் தருகிறோம் என்கிறார்களே.

அப்பெக்ஸ்:
வைத்தால் காற்று நிற்கும். பலம் திரும்பாது. டி6 என்பது சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 155-175 டிகிரியில் மணிக்கணக்கில் பதப்படுத்தி வாங்கிய பலம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அது போய்விடும், 6061-ல் தாங்குதிறன் கிட்டத்தட்ட பாதிக்கு விழும். அடுத்த விரிசல் வெல்டுக்குள் வராது, அதற்கு ஒட்டின ஓரத்தில் வரும். ஸ்போக்கிலோ ஹப் பக்கமோ விரிசல் என்றால் வெல்டிங் பேச்சே வேண்டாம், வீலைக் குப்பையில் போடுங்கள்.

பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போதும் கவனம். பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரியில் 20 நிமிஷம், ஒரு முறைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பழைய பெயின்ட்டை 350 டிகிரிக்கு மேல் அடுப்பில் எரித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த வீலில் டி6 என்று எதுவும் மிஞ்சாது. ரசாயனத்தில் உரிக்கச் சொல்லுங்கள்.

கடையாணி:
வெல்டிங்கில் முழு உடன்பாடு. ஆனால் தம்பிக்கு விரிசலைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்ல வேண்டும். அடிக்கடி ஒரே வீலில் 2, 3 பி.எஸ்.ஐ. இறங்கினால் பஞ்சரென்று டயரை மட்டும் நோண்டாமல், உள் பேரலில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஸ்போக் அடியில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது பெயின்ட்டா உலோகமா என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த இடத்தில் பெயின்ட்டை உரித்து, கிளீனரால் துடைத்து, சிவப்பு டை பெனட்ரன்ட் அடித்து 15 நிமிஷம் விடுங்கள். மேலே நிற்பதைக் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். பலரும் கிளீனரை நேராக வீல் மேலேயே பீய்ச்சிவிடுவார்கள், விரிசலுக்குள் போன சிவப்பும் சேர்ந்து கழுவிப் போகும். பிறகு டெவலப்பரை மெல்லிசாக ஒரு கோட், 10 நிமிஷம். வெள்ளையில் சிவப்புக் கோடு கசிந்தால் முடிந்தது கதை. மேற்பரப்புக்கு வராத உள் துளைகள் இதில் தெரியாது, அதற்கு எக்ஸ்ரேதான்.

இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு லைட் வீல் எதற்கு என்றுதான் நான் கேட்கிறேன்.

நாலுசக்கரம்:
ஒரிஜினல் வீலுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாமா சார்? ட்ராக்குக்குப் போகிற எந்த வீலையும் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். கழற்றும்போது நட்டு உட்காரும் இடத்தையும் பாருங்கள். 60 டிகிரி கூம்பு வீலில் உருண்டை நட்டை மாட்டினால் ஒரு மெல்லிய வளையத்தில்தான் தொடும். டார்க் ரெஞ்ச் கிளிக் சொன்னாலும் பிடிமானம் இருக்காது, சில நூறு கி.மீ.யில் தளர்ந்து துளையைச் சுற்றி விரிசல் கிளம்பும். பொதுவாக வீல் போல்ட் எம்12 (12 மி.மீ. தடிமன்) என்றால் 100-120, எம்14 என்றால் 130-160 நியூட்டன் மீட்டர், காரின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. 80, 100 கி.மீ. ஓடியதும் வீல் ஆறியிருக்கும்போது மறுபடி முறுக்கிப் பாருங்கள். ஏர் கன் வைத்துக் கடைசி முறுக்கு வேண்டாம். ஹப்பில் துருவோ பெயின்ட் கட்டியோ இருந்தால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.