டேப் ரெக்கார்டர் மோட்டாரில் ரெக்கார்டு பிளேயர்: வேகம் அடங்க மாட்டேன் என்கிறது

செல்லூர் மைக்செட்:
அப்பா அலங்காநல்லூர்ப் பக்கம் மைக்செட் போட்டவர். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் வேப்பமரத்தில் குழாய் ஏறிவிடும். அவருடைய டிரங்குப் பெட்டியில் நூற்றுச் சொச்சம் எல்.பி. தட்டுகள் கிடக்கின்றன, பிளேயர்தான் இல்லை. காயலான் கடைச் சாமானிலேயே ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடியில் மேலூரில் கழித்துப்போட்ட கிரானைட் துண்டு, 11 கிலோ. சுற்றும் தட்டு 29 செ.மீ. விட்டத்தில் எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய பலகை). அச்சுக்குப் பழைய வி.சி.ஆரின் ஹெட் டிரம், அதாவது வீடியோ டேப்பைப் படிக்கச் சுழலும் உருளை (அவ்வளவு நேர்த்தியான பேரிங் அந்த விலைக்குக் கிடைக்காது). மோட்டார் டேப் ரெக்கார்டருடையது, 12 வோல்ட், நிமிடத்துக்கு 2400 சுற்று. அதன் தண்டில் புல்லி (கப்பி) 6 மி.மீ. விட்டம், அதிலிருந்து தட்டின் விளிம்புக்குப் பெல்ட்.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும், அது வரவில்லை. கணக்குப்படி 50 வர வேண்டும், பேப்பர் ஒட்டி எண்ணினால் 54. பாடுகிறவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கிறது. வோல்டேஜை 9க்கு இறக்கியும் அசையவில்லை.

லேத்துக்காரன்:
அசையாது தம்பி. மோட்டாருக்குள்ளேயே வேகத்தைப் பிடித்துவைக்கிற சர்க்யூட் இருக்கு. முதுகில் சின்ன ஓட்டை தெரியுதா? ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருகினால் கொஞ்சம் ஏறும், இறங்கும். 54ஐ 33 ஆக்க அது காணாது.

அந்த 54 பெல்ட் தடிமனால் வந்தது. அரை மி.மீ. பெல்ட் என்றால் புல்லியை 6.5 என்றுதான் கணக்குப் போடணும். 290 மி.மீ. தட்டுக்கு அரை மி.மீ. தூசு, புல்லிக்கு அப்படியில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தையல் நூல் போடுங்க, 0.2 மி.மீ. இருக்கும். பித்தளையில் 3.8 மி.மீ. புல்லி கடையச் சொல்லுங்க. தண்டு 2 மி.மீ. என்றால் சுவர் ஒரு மி.மீ.கூட மிஞ்சாது, கை நடுங்காத ஆளாகப் பாருங்க.

டியூப்லைட்:
அண்ணே, எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். வட்டப் பேப்பரில் சம இடைவெளியில் 180 கோடு போட்டுத் தட்டு மேல் வையுங்கள். நம் கரண்ட் 50 சைக்கிள், விளக்கு விநாடிக்கு 100 தடவை மின்னும். சரியாக 33⅓ வந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். எல்.இ.டி.யில் பெரும்பாலும் தெரியாது, பழைய சோக் வைத்த டியூப்லைட் வேண்டும்.

ஊசி எடை பார்த்தீர்களா? மேக்னெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைப் பிடித்திருக்கும், காந்தம் வைத்த தலை) என்றால் 2 கிராம் சுமார் போதும். ஸ்கேலைப் பென்சில் மேல் சமமாக நிறுத்துங்கள். ஒரு பக்கம் 5 செ.மீ. தள்ளி 2011க்குப் பிந்தைய ஒரு ரூபாய் (3.79 கிராம்), மறுபக்கம் 10 செ.மீ.யில் ஊசி. சமமானால் 1.9 கிராம். பெட்டியில் 78 சுற்று வேகத்தின் பழைய தட்டு இருந்தால் இந்த ஊசியை வைக்காதீர்கள், அதன் பள்ளம் அகலம்.

செல்லூர் மைக்செட்:
முதல் புல்லி லேத்திலேயே பிளந்துவிட்டது. இரண்டாவது தேறியது. மாடிப்படி டியூப்லைட்டுக்கு அடியில் வைத்து மோட்டார் ஓட்டைக்குள் திருகினேன், கோடுகள் ஊர்ந்து ஊர்ந்து அப்படியே நின்றன. ஊசி 4 கிராமுக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தது, நல்லவேளை எடை பார்த்தேன். இப்போது நூலின் முடிச்சு புல்லியில் ஏறும்போதெல்லாம், இரண்டு விநாடிக்கு ஒரு தடவை, 'டிக்' என்கிறது.

லேத்துக்காரன்:
ஒற்றை இழை நூலா மாத்துங்க. முடிச்சு நுனியை ஒட்ட நறுக்கி, கொஞ்சம் மெழுகு தேய்த்துப் பாருங்க தம்பி.