மறுமொழி: பந்து மோதலில் வரும் 'கிக்' – தமிழில் என்ன?

> ஸ்நூக்கரில் 'கிக்' என்கிறார்கள். 'உதைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம். குச்சியால் பந்தடித்து மேசைக் குழியில் விழவைக்கும் ஸ்நூக்கரில், வெள்ளைப் பந்து இலக்குப் பந்தில் மோதும்போது உராய்வு திடீரென்று ஏறி, பந்துகள் எதிர்பார்த்தபடி போகாமல் கெடுவதைத்தான் 'கிக்' என்கிறார்கள்.

உதைப்பு வேண்டாம். படிப்பவர் யாரோ எதையோ உதைத்ததாக நினைத்துக்கொள்வார். போதாக்குறைக்கு, ஸ்நூக்கரின் உறவான பூல் ஆட்டத்தில் 'கிக்' என்றால் வேறு: வெள்ளைப் பந்தை முதலில் மேசை விளிம்பில் மோதவிட்டு, அப்புறம் இலக்குப் பந்தைத் தொடும் அடி. நாம் பேசும் விஷயத்தை அங்கே 'ஸ்கிட்', 'கிளிங்' என்பார்கள். இதில் ஸ்கிட் இன்னும் மோசம். அது வழுக்குவதைச் சொல்கிறது; நடப்பதோ நேர் எதிர்.

உருண்டு வரும் வெள்ளைப் பந்தின் முன்பக்கம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். இரு பந்துகளும் சுத்தமாக இருந்தால், தொட்ட இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போய்விடும். தொடுகை நீடிப்பதே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இடத்தில் ஒரு பொட்டு சாக் பொடி இருந்தால் போதும், உராய்வு சட்டென்று ஏறிவிடும். இலக்குப் பந்து துணியோடு அழுந்தும், வெள்ளைப் பந்து லேசாக எம்பும், சத்தமும் மொட்டையாகக் கேட்கும். சாய்த்து அடித்த அடியென்றால், இலக்குப் பந்து வெள்ளைப் பந்து விலகும் பக்கமாக இழுபட்டுக் குழியைத் தவறவிடும்.

பொடி எங்கிருந்து வருகிறது? கியூ எனும் ஆடும் குச்சியின் நுனி வழுக்காமலிருக்க நாமே பூசுவதுதான். அடிக்கும்போது வெள்ளைப் பந்தில் ஒரு புள்ளி ஒட்டிக்கொள்கிறது. அது உருண்டு வந்து சரியாக மோதும் இடத்தில் அமைந்தால் போச்சு. நம்பாதவர்கள் இலக்குப் பந்தில் மோதும் இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் பொடியைத் தேய்த்துவிட்டு அடித்துப் பாருங்கள்.

> 'மோதல் பிழை'?

பிழை என்றதும் ஃபவுல் நினைவுக்கு வரும். இங்கே ஆட்டக்காரர் ஒன்றும் தப்பாக அடிக்கவில்லை.

> 'பற்றல்'?

இதுதான் கிட்டத்தட்ட சரி. ஆனால் தீப்பற்றல், பற்று வரவு என்று ஏற்கெனவே நிறைய சுமக்கிறது. என் வாக்கு கவ்வல் என்பதற்கு. காரணத்தைச் சொல்கிறது, வினையாகவும் மடங்குகிறது: 'பந்து கவ்விவிட்டது', 'கவ்வாமல் போயிற்று'. மேசையருகே நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், கூச்சமாக இல்லை.

எல்லா மோதலிலும் கொஞ்சம் உராய்வு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. சுத்தமான பந்துகளிலும் இலக்குப் பந்து சற்று விலகத்தான் செய்யும். அந்த 'த்ரோ'வுக்கு இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமானது இழுப்பு, மிஞ்சினால் கவ்வல். 'மிகைக் கவ்வல்' என்று நீட்ட வேண்டாம்.

இன்னொன்று. 'சாக்'கைச் 'சாக்கு' என்று எழுத வேண்டாமே. தப்பான அடிக்கெல்லாம் பந்து கவ்விவிட்டது என்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அந்தச் சொல் அவர்களுக்கு வேண்டியிருக்கும்.