ஓய்வுபெறும் தந்தையின் பணத்தை மருத்துவச் செலவுக்கும் மாத வருமானத்துக்கும் எப்படிப் பிரிப்பது?

கேள்வி – நொய்யல்:

கோவையில் ஒரு தனியார் ஆலையில் பணியாற்றும் என் தந்தையார் வரும் மார்ச்சில் 58 வயதில் ஓய்வு பெறுகிறார். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து சுமார் 26 லட்சம் வரும். மாத ஓய்வூதியம் ஆறாயிரத்தைத் தாண்டாது. ஆலையின் குழு மருத்துவக் காப்பீடு ஓய்வுபெறும் அன்றே முடிந்துவிடும். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அம்மாவுக்கு 54 வயது. உறவினர்கள் மனை வாங்கிப் போடச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி – வைகை:

மனை வேண்டாம். அது மாதாமாதம் வருமானம் தராது. ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்லும் நேரத்தில் அதை விற்கவும் முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர 60 வயது நிரம்ப வேண்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள்; ஆனால் 55 வயதுக்குமேல் பணி ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அந்தத் தொகைக்கு மிகாமல் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்குத் தொடங்கலாம். உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 விழுக்காடாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் 20 லட்சத்துக்குக் காலாண்டுதோறும் 41,000 ரூபாய் வரும். தொடங்கும் நாளில் உள்ள வட்டியே ஐந்தாண்டுக்கும் நிலைக்கும். மீதி ஆறு லட்சத்தை மருத்துவத்துக்கென்றே தனி வைப்பில் போட்டுவிடுங்கள்.

மறுமொழி – பொன்னி:

காப்பீட்டை மார்ச்சுக்கு முன்பே முடியுங்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற இயலுமா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். மாற்றம் கிடைத்தால், இதுவரை கடந்த காத்திருப்புக் காலம், அதாவது ஏற்கெனவே உள்ள நோய்க்கு இழப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம், கணக்கில் சேரும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரலாம்; 2024-க்கு முன் அது நான்காண்டாக இருந்தது. சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்துவிட்டுப் பிற்பாடு இழப்பீடு மறுக்கப்பட்ட குடும்பங்களின் அவதியை நேரில் கண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அறை வாடகை வரம்பு உள்ள பாலிசியையும் தவிர்த்துவிடுங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால் வாடகையின் மிகுதியோடு நிற்காமல், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் ஆகியவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் நாளன்று பில்லைப் பார்க்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல், தன்னிடம் கலந்து பேசாமல் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆயினும் ஆண்டுதோறும் ஏறும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

மறுமொழி – பாலாறு:

அம்மாவை மறந்துவிடாதீர்கள். குடும்ப பாலிசியில் பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்தே கணக்கிடப்படுவதால், அவருக்குத் தனி பாலிசியின் விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சேமிப்புத் திட்டக் கணக்கில் அவரைக் கூட்டாளராகச் சேர்க்கலாம்; அதற்கு அவர் வயது தடையில்லை. தந்தையாருக்குப் பின் அம்மாவுக்கு வருவது ஓய்வூதியத்தில் பாதிதான், அதாவது மூவாயிரம் அளவில். ஆகவே 20 லட்சத்தின் அசலில் கை வைக்காமலிருப்பது அவர் பொருட்டே அவசியம்.