ஜாங்கோ அட்மினை வைத்தே முழு ஆப்பையும் முடிக்கலாமா?

சரக்கறை:
மொத்த வியாபாரக் கடைக்கான ஸ்டாக், பில்லிங் ஆப். 3 கிளை, 12 யூசர், பில் டேபிளில் 4 லட்சம் வரி (ரோ). எல்லாம் ஜாங்கோவோடு (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) தானாக வரும் அட்மின் பக்கங்களிலேயே ஓடுகிறது. ஆனால் பில் பட்டியல் திறக்க நேரமாகிறது. ஒரு கிளை பில் இன்னொரு கிளைக்குத் தெரியவும் கூடாது. இதையே சரிசெய்யலாமா, ரியாக்ட்டில் (ஸ்கிரீன் எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) புதிதாக எழுதணுமா?

குவெரிக்காரன்:
வேகத்துக்காக மாற்ற வேண்டாம். டீபக் டூல்பார் போட்டு, ஒரு பக்கம் திறக்க டேட்டாபேஸுக்கு எத்தனை குவெரி போகிறது என்று பாருங்கள். பட்டியலில் ஃபாரின் கீயை (இன்னொரு டேபிளைச் சுட்டும் ஃபீல்ட்) நேரடியாகப் போட்டால் ஜாங்கோவே ஜாயின் செய்து, இரண்டு டேபிளையும் ஒரே குவெரியில் எடுத்துக்கொள்ளும். மெத்தட் எழுதி அதற்குள் வாடிக்கையாளர் பெயரை எடுத்திருந்தால் வரிக்கு ஒரு குவெரி. டீஃபால்ட்டாகப் பக்கத்துக்கு 100 வரி, ஆக 100 குவெரி கூடுதல். அட்மினின் 'லிஸ்ட் செலக்ட் ரிலேட்டட்' செட்டிங்கில் அந்த ஃபாரின் கீ ஃபீல்டைச் சேர்த்தால் தீர்ந்தது. ஃபில்டர் போடும்போது இழுக்கிறதா? மொத்த டேபிளையும் இன்னொரு முறை எண்ணுகிறது. 'ஷோ ஃபுல் ரிசல்ட் கவுண்ட்'டை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஒற்றை பில் திறக்கவே தாமதம் என்றால் டிராப்டவுன்தான் காரணம், எல்லா வாடிக்கையாளரையும் பக்கத்தில் கொட்டுகிறது. அடிக்க அடிக்கத் தேடிக் காட்டும் ஆட்டோகம்ப்ளீட்டுக்கு மாற்றுங்கள். வாடிக்கையாளர் அட்மினில் 'சர்ச் ஃபீல்ட்ஸ்' (எந்த ஃபீல்டில் தேடணும் என்ற பட்டியல்) இல்லாவிட்டால் 'ரன்சர்வர்' கொடுக்கும்போதே எரர் வரும்.

பூட்டுசாவி:
கிளைப் பிரிப்புக்கு, அட்மின் எந்த வரிகளைக் காட்டணும் என்று முடிவு செய்யும் 'கெட் குவெரிசெட்' மெத்தட்டில் ஃபில்டர் போடுங்கள். யூஆர்எல்லில் வேறு பில் எண்ணை அடித்தாலும் திறக்காது. பலர் இத்தோடு விட்டுவிடுவார்கள். பில் ஃபார்மில் வரும் வாடிக்கையாளர் பட்டியலில் மற்ற கிளை ஆட்கள் அப்படியே தெரிவார்கள். ஆட்டோகம்ப்ளீட் தேடுவது வாடிக்கையாளர் அட்மினின் குவெரிசெட்டில், எனவே அங்கேயும் ஃபில்டர் வேண்டும். சேவ் செய்யும்போது வேறு கிளை வாடிக்கையாளரைத் தடுக்கும் ஃபார்ம் வேலிடேஷனுக்கு, 'ஃபார்ம்ஃபீல்ட் ஃபார் ஃபாரின்கீ' மெத்தட்டிலும் தனியாக ஃபில்டர் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் ஓட்டைதான்.

குவெரிக்காரன்:
இன்னொன்று. ஸ்டாக் கழிக்கும் கோடை அட்மினின் 'சேவ் மாடல்' மெத்தட்டில் வைத்திருந்தால் உடனே வெளியே எடுங்கள். அது அட்மின் வழியாக வரும்போது மட்டும் ஓடும், நாளைக்கு ஏபிஐ (மற்ற ஆப்கள் பில் அனுப்பும் வழி) வைத்தால் ஸ்டாக் கழியாது. பட்டியலில் டிக் போட்டு மொத்தமாக அழிக்கும்போதும் மாடலின் டெலீட் மெத்தட் ஓடாது. ஸ்டாக்கைத் திருப்பிச் சேர்க்கும் வேலையை, அந்த மொத்த அழிப்புக்கென்று அட்மினில் உள்ள 'டெலீட் குவெரிசெட்' மெத்தட்டிலிருந்தும் கூப்பிடலாம்.

சரக்கறை:
கவுன்டரில் பில் போடும் ஸ்கிரீன்? கீபோர்டிலேயே வேகமாக அடிக்கணும் என்கிறார்கள்.

பூட்டுசாவி:
அது அட்மினுக்கான வேலை இல்லை. அட்மின் டெம்ப்ளேட்டை ஓவர்ரைடு செய்து ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டினால் ஒவ்வொரு வெர்ஷன் ஏற்றும்போதும் உடையலாம். அந்த ஒரு ஸ்கிரீனுக்கு மட்டும் சாதாரண ஜாங்கோ வியூ, கூட எச்டிஎம்எக்ஸ் (பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி). ஒரு ஸ்கிரீனுக்காக ரியாக்ட், தனி பில்ட், டோக்கன் லாகின் எல்லாம் எதற்கு?