எம்.ஐ.ஏ.யின்ர 'மாயா': ரஸ்கோ கெடுத்தவரோ, எங்கட காதுதான் பழுதோ?

உப்புவெளி_ஓட்டோ:
நேற்றுப் பின்னேரம் டவுனுக்கு ஒரு ஹயர். செற்றில லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.யின்ர 'மாயா' அல்பம் ஓடிக்கொண்டிருந்தது. 'ஸ்டெப்பிங் அப்' தொடங்கினதுதான் தாமதம், பின்னால இருந்த அம்மா தோளில தட்டி, "தம்பி, சில்லில ஏதோ உரசுது, ஓரமா நிப்பாட்டிப் பாருங்கோ" எண்டா. நிப்பாட்டினன். செற்றையும் நிப்பாட்டினன். உரசல் நிண்டுட்டுது. மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் அவவும் கதைக்கேல்ல, நானும் கதைக்கேல்ல.

அதாலதான் கேக்கிறன். 2007 இல எம்.ஐ.ஏ.யின்ர முந்தின அல்பம் 'கலா' வந்தபோது மெச்சாத ஆளில்லை. 2010 இல 'மாயா' வந்த உடன பாதிப்பேர் காதைப் பொத்திக்கொண்டினம். 'கலா'வுக்குப் பத்துக்கு 8.9 குடுத்த பிட்ச்ஃபோர்க் எண்ட இசை விமர்சனத் தளம், 'மாயா'வுக்கு 4.4 தான் போட்டது. இடையில இசைத் தயாரிப்பாளரா உள்ள வந்தவர் ரஸ்கோ, இங்கிலாந்து லீட்ஸ் பெடியன், டப்ஸ்டெப் எண்ட கனத்த பேஸ் இசை செய்யிற ஆள். குற்றம் அவரிலயோ, எங்களிலயோ? எனக்குப் பிடிக்கும், அதை முதலே சொல்லிப்போட்டன்.

கோணமலைக்_காற்று:
ரஸ்கோவிலதான். இதில என்ன விவாதம்? 'கலா'வில இருக்கிற 'பேர்ட் ஃப்ளூ'வைக் கேட்டுப் பாரும். தமிழ்நாட்டு உறுமி மேளம். கேட்ட உடன கால் தன்பாட்டில ஆடும். அது எங்கட சத்தம். 'மாயா'வில எங்கட சத்தம் எங்க கிடக்குது? ட்ரில் மெசின்! மரவேலைக் கடைக்கு முன்னால பத்து நிமிசம் நிண்டா அது காசில்லாமலே கேக்கலாம். அதே அல்பத்தின்ர 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில 4 ஆம் இடம் வரைக்கும் போனது. ரகுமானோட செய்த பாட்டு ஒஸ்கார் பட்டியலுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து இப்பிடி ஒருத்தரை உள்ள விட்டவ.

மைக்செற்_மாமா:
காற்று, நீர் 'மாயா'வை முதல் எதில கேட்டனீர்?

கோணமலைக்_காற்று:
போனில. கடையில மெமரி சிப்புக்கு ஏத்தினது. அப்ப எல்லாரும் அப்பிடித்தானே.

மைக்செற்_மாமா:
அங்கதான் பிழை. டப்ஸ்டெப்பின்ர உயிர் 40, 50 ஹெர்ட்ஸில கிடக்குது. போன் ஸ்பீக்கர் ஒரு ரூபாய்க் குத்தி அளவு, அந்தச் சத்தத்தை அதாலத் தள்ளவே ஏலாது. உமக்குக் கேட்டது மேல கிடந்த கரகரப்பு மட்டும். மீன்குழம்பில மீனை எடுத்துப்போட்டு முள்ளைக் கோப்பையில போட்டுத் தந்த மாதிரி.

கோன் கிழிஞ்ச ஸ்பீக்கர் பெட்டியளோட நான் 30 வருசமா மாரடிக்கிறன். கிழிஞ்சதெண்டா ஐயர் மந்திரம் சொன்னாலும் காகிதம் படபடக்கிற மாதிரி ஒரு சத்தம் கூடவே வரும். 'மாயா'வில வாற 'ஸ்டோரி டு பி டோல்ட்'டை 18 இஞ்சிப் பெட்டியில போட்டுப் பார்த்தனான். கரகரப்பு வரவேண்டிய இடத்தில வருது, நிக்கவேண்டிய இடத்தில நிக்குது. அது பழுதில்ல தம்பி, வேணுமெண்டு செய்தது.

கோணமலைக்_காற்று:
அப்ப பாட்டுக் கேக்கிறதெண்டா பெட்டி வாடகைக்கு எடுக்கோணும், என்ன மாமா? நல்ல வியாபாரம்.

கிண்ணியா_நானா:
பெட்டியில கேட்டாலும் எனக்குச் சரிவராது. ஃபைபர் வள்ளம் செய்யிற இடத்தில என்ட வேலை. காலையில எட்டு மணிக்கே கிரைண்டர் தொடங்கிரும். ட்ரில் உள்ள இறங்கக்குள்ள அதிட சுதி குறையும், மறுபக்கத்தால வெளிய வந்த உடன கீச்செண்டு ஏறும். கண்ணை மூடிக்கிட்டே ஓட்டை விழுந்துட்டா இல்லையா எண்டு சொல்லிருவன். வீட்ட போய்ச் சோறு தின்னக்குள்ளயும் அதையே கேக்கச் சொன்னா எப்பிடி? லண்டன்ல இருக்கிறவனுக்கு ட்ரில் ஒரு புதினம், எனக்கு அது சம்பளம். மத்தது, 'கலா' முழுக்க டிப்லோ எண்ட அமெரிக்கத் தயாரிப்பாளர்ட வேலை. அந்தாள் விலகினாப் பொறகுதான் எல்லாம் சரிஞ்சது.

நிலாவெளி_வாசகி:
நானா, ட்ரில் கதை ஓம். டிப்லோ கதை பிழை. 'கலா'வில கூடுதலான பாட்டுகள் ஸ்விட்ச் எண்ட இங்கிலாந்துத் தயாரிப்பாளரோட சேர்ந்து செய்தது. டிப்லோ 'பேப்பர் பிளேன்ஸ்'ல இருக்கிறார். அதுதான் பெரிசாப் போனது, அதால முழுக் கணக்கையும் அவற்ற பேரில எழுதிப்போட்டினம். 2007 இலயே எம்.ஐ.ஏ. ஒரு பேட்டியில இதைச் சொல்லிக் கோபப்பட்டவ. முதல் முதல் செய்த பாட்டுகளை ரோலண்ட் எம்.சி. 505 எண்ட தாளம் போடுற மெசினோட தனிய இருந்து தட்டித் தட்டிச் செய்த மனுசி.

நல்லா வந்தா டிப்லோ செய்தது, பிடிக்காட்டி ரஸ்கோ கெடுத்தது. அப்ப அவ என்ன, ஸ்டூடியோவில தேத்தண்ணி ஊத்திக்கொண்டோ இருந்தவ? 'மாயா'வில வாற 'மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்'ஐச் செய்தது ஸ்லே பெல்ஸ் எண்ட குழுவின்ர டெரெக் மில்லர். 'போர்ன் ஃப்ரீ'யின்ர அடித்தளம் சூசைட் எண்ட அமெரிக்க இசைக்குழு 1977 இல வெளியிட்ட பாட்டில இருந்து வெட்டினது. ரெண்டும் கரகரப்புத்தான். ஆள் மாறியும் கரகரப்பு மாறேல்ல எண்டா, அந்தக் கரகரப்பு ஆற்ற?

எனக்கு இந்த அல்பம் முழுசாப் பிடிக்காது, அது வேற கதை. 'இட் டேக்ஸ் எ மசில்' மட்டும் திருப்பித் திருப்பிக் கேப்பன்.

கோணமலைக்_காற்று:
சரி அக்கா, அவதான் கேட்டு வாங்கினவ எண்டே வைப்பம். அப்ப என்ர கோவம் அவவில. உறுமியைக் கையில வச்சிருந்தவ அதை ஏன் விட்டவ?

தேயிலைப்பேரன்:
அண்ணே, உறுமி உறுமின்னு எழுதுறீங்களே, நேர்ல பாத்திருக்கீங்களா? திருமலையில கோயில்னா தவிலும் நாதஸ்வரமும்தான். நம்ம தாத்தா தோட்டத்துல உறுமி வாசிச்சவரு. அவரு வாசிச்சது இன்னும் எங்க வீட்டுப் பரண்ல கெடக்கு. வலது பக்கத்துலதான் அடி. இடது பக்கத்துத் தோல்ல வளஞ்ச குச்சிய வச்சுத் தேய்ப்பாங்க. அப்பதான் மாடு முனகுற மாதிரி ஒரு சத்தம் வரும். அதுவும் உரசல்தான். ஆட்டோவுல அந்தம்மா சொன்னாங்களே, அதே உரசல். ரஸ்கோவோட பேஸும் அப்படித்தான் இழுத்துக்கிட்டே எறங்குது. மொத தடவ கேட்டப்ப எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். பத்தாம் வகுப்புல அந்த மேளத்த பள்ளிக்கூட விழாவுக்குக் கொண்டு வரட்டுமான்னு கேட்டேன். "சாவீட்டுச் சாமான் இங்க எதுக்கு"ன்னுட்டாங்க. அதே சத்தம் லண்டன்லருந்து சீடியில வந்தா மட்டும் "எங்கட சத்தம்".

உப்புவெளி_ஓட்டோ:
காற்று, ஆளைக் காணேல்ல?

கோணமலைக்_காற்று:
இருக்கிறன். தம்பி, அதைச் சொன்னது நானில்ல. ஆனா அண்டைக்கு அங்க நிண்டிருந்தா வாயைத் திறந்திருக்கவும் மாட்டன். அது உண்மை.

பாட்டு விசயத்தில நான் மாறேல்ல. உறுமி வாசிக்கிற ஆளுக்கு மூச்சு வாங்கும், அந்த மூச்சு பாட்டில கேக்கும். மெசினுக்கு என்ன மூச்சு?

கிண்ணியா_நானா:
ட்ரில் பிடிக்கிறவனுக்கும் மூச்சு வாங்கும் மச்சான். தூசி மூக்கால போகும், முழங்கை ராவு முழுக்க நடுங்கும். பாட்டு எனக்குப் பிடிக்காது, அதுக்காக இப்பிடிச் சொல்லாத.

நிலாவெளி_வாசகி:
நானா இப்ப எந்தப் பக்கம்?

கிண்ணியா_நானா:
சோத்துப் பக்கம்.

மைக்செற்_மாமா:
ஞாயிற்றுக்கிழமை திருவிழா முடிஞ்சு பெட்டியள் திரும்பி வருது. ஸ்டோரில இறக்க முதல் ஒரு மணித்தியாலம் கட்டித் தாறன். காற்றும் தோட்டத்துத் தம்பியும் வாங்கோ. தம்பி, அந்தப் பரணில கிடக்கிறதையும் கொண்டு வாரும், மைக் ஒண்டு வைப்பம்.

தேயிலைப்பேரன்:
தோல் தொங்கிப் போச்சு மாமா. வெயில்ல காயவச்சுப் பாக்குறேன்.

கோணமலைக்_காற்று:
வாறன். ஆனா முதல் போடுறது 'பேர்ட் ஃப்ளூ'.

மைக்செற்_மாமா:
போடுறன். ஜெனரேற்றருக்கு டீசல் உம்மட செலவு.