முதுகோடு முதுகு சாய்ந்து பேசிய ஆங்கிலம்

ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை:

எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்த முதல் ஆண்டு முழுவதும் திரையில் உரையாடல்களைக் காட்டி, பிள்ளைகளை ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வைத்தேன். "வேர் ஆர் யூ கோயிங்?" என்றால் 38 பேரும் "மார்க்கெட்" என்று முழங்குவார்கள், அதையே பள்ளி வாசலில் ஒருவனிடம் கேட்டபோது சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான்.

1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஆங்கிலக் கற்பித்தல் வல்லுநர் என்.எஸ். பிரபு நடத்திய சோதனையைப் பற்றி ஒரு பயிற்சியில் அறிந்திருந்தேன். இலக்கணத்தை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது போன்ற வேலைகளைக் கொடுத்தால், அதைச் செய்து முடிக்கும் போக்கிலேயே மொழி படியும் என்பது அவருடைய கருத்து. நானும் ராமேசுவரம் ரயில்களின் அட்டவணையை நகலெடுத்து இருவர் இருவராகப் பேசச் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருவர் கையிலும் ஒரே தாள் இருக்கும்போது எதற்காகக் கேட்க வேண்டும்?

வழி காட்டியவன் விசைப்படகுக்காரர் ஒருவரின் மகன். "எங்க அப்பா வயர்லெஸ்ல பேசும்போது மீன் பட்ட இடத்தை லேசுல சொல்லமாட்டாரு டீச்சர், மத்தவங்க கேட்டுக் கேட்டுத்தான் கறக்கணும்" என்றான். மறுநாளே இருவரை முதுகோடு முதுகு சாய்த்து உட்கார வைத்து, ஒருவனிடம் மட்டும் மீன் கிடக்கும் இடம் குறித்த கடல் வரைபடத்தையும், மற்றவனிடம் வெற்று வரைபடத்தையும் கொடுத்தேன். பேசி முடித்தால் "ஓவர்" சொல்ல வேண்டும். தமிழ் பேசினால் படகு கரை திரும்ப வேண்டும். வகுப்பு சந்தைக்கடையாகி, தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் செல்போனின் ஒலிப்பதிவுச் செயலியைத் தவிர வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை, இணையமும் வேண்டியதில்லை. பேசும்போது நான் குறுக்கிடுவதில்லை, பின்னர் பதிவைப் போட்டுக் காட்டும்போது, "வேர் யூ ஆர்?" என்று கேட்டவனே நெற்றியில் அடித்துக்கொண்டு "வேர் ஆர் யூ" என்று திருத்திக்கொள்கிறான். நான் சிவப்பு மையில் எத்தனை முறை சுழித்தும் நடக்காத காரியம் அது. தேர்வில் ஒருவன் விடுப்புக் கடிதத்தையும் "ஓவர்" என்றே முடித்திருந்தான், மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கீழக்கரையிலிருந்து மற்றோர் ஆசிரியை:

நானும் இதைச் செய்து பார்த்தேன். எங்கள் மாணவியர் கேள்வி கேட்கத் தயங்கவில்லை, குரல் பதிவாகிறது என்றதும்தான் ஒடுங்கிவிட்டார்கள். ஒரு மாணவியின் தாயார் நேரில் வந்து, "பிள்ளையோட குரல் யார் போனுக்கெல்லாம் போகும்?" என்று கேட்டார், அது நியாயமான கேள்வி. அதன்பின் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பாடவேளை முடியும்போது பதிவுகளை மாணவியரே அழிக்கும்படி செய்தேன்.

குரலைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியை நம்பி நான் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவி "பிஷ்" என்று உச்சரித்த வாக்கியத்தைக்கூட, மற்றச் சொற்களை வைத்து ஊகித்து "ஃபிஷ்" என்றே செல்போன் எழுதிக் காட்ட, தான் சரியாகச் சொன்னதாக அவள் மகிழ்ந்துபோனாள். இப்போது உச்சரிப்புக்கு அதை விட்டுவிட்டு, "ஷிப்", "ஷீப்" போன்ற இணைச் சொற்களில் ஒன்றை ஒருத்தி சொல்ல, எதிரில் இருப்பவள் கப்பல் படத்தையோ ஆட்டின் படத்தையோ தூக்கிக் காட்டும்படி வைத்திருக்கிறேன்; தவறான படம் உயர்ந்தால், சொன்னவளே மறுபடியும் சொல்லிப் பார்க்கிறாள்.