மாருதி 800-க்கு செகண்ட் ஹேண்ட் இன்ஜின் போட்ட அனுபவம்

போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து, பெரிய பிஸ்டன் மாட்டி) இன்ஜின் வேலை செய்வதா, இல்லை வேறொரு வண்டியில் இருந்து கழற்றின இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவதா என்று பழைய வண்டி வைத்திருக்கிற பலரும் கேட்கிறார்கள். அப்பாவின் 2004 மாடல் மாருதி 800-க்கு நாங்கள் இரண்டாவதைத்தான் செய்தோம். வண்டி இன்று நன்றாக ஓடுகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். நீலப் புகை வந்தாலே 'இன்ஜின் காலி' என்று சொல்லிவிடுகிறார்கள், ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகைந்து அப்புறம் நின்றுவிட்டால் அது வால்வ் சீலாக இருக்கலாம், அது சின்ன வேலை. எங்கள் வண்டி அப்படி இல்லை, பாலம் ஏறும்போது மிதித்தால் பின்னால் வருகிறவருக்கு ரோடே தெரியாது, ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரும். மெக்கானிக் அண்ணன் இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி செல்ஃப் அடித்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தார். நல்ல நிலையில் இருக்கும் 800-இல் 170 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்ட வேண்டும். எங்களுக்கு 120-ஐத் தாண்டவே இல்லை. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது அளவு நன்றாக ஏறியது. அப்படி ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும், ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்பட வேண்டும்.

போர் போடலாம் என்றுதான் அப்பாவுக்கு ஆசை. ஆனால் அந்த பிளாக்கில் ஏற்கெனவே ஒருமுறை போர் போட்டிருந்தது, பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்கிலும் கோடு விழுந்திருந்தது. லேத் கூலி, பிஸ்டன் செட், பேரிங், ஹெட் வேலை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது கழற்றின இன்ஜின்தான் கட்டுப்படியானது. பாடியில் துரு இல்லாததும் ஒரு காரணம். தரை ஓட்டையாகிப்போன வண்டிக்கு இந்தச் செலவைச் செய்ய நான் சொல்லவே மாட்டேன்.

சரி, இன்ஜினுக்கு எங்கே போவது? சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற புதுப்பேட்டைதான். வாசலில் வரிசையாக இன்ஜின்களை அடுக்கி வைத்திருப்பார்கள், டீசல் ஊற்றித் துடைத்துப் பளபளவென்று இருக்கும். "ஓடிட்டிருந்த வண்டி சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் ஒருவர். பேட்டரி கொடுத்து கம்ப்ரஷன் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டதும் அவருக்குப் பேச்சு மாறியது, நாங்கள் நகர்ந்துவிட்டோம். இன்னொரு கடையில் தாராளமாகப் பார்க்கவிட்டார்கள். இரண்டு சிலிண்டர் நன்றாக இருந்தது, ஒன்று மட்டும் குறைவு. டைமிங் பெல்ட்டை மூடியிருக்கிற கவரைக் கழற்றினால் உள்ளே காய்ந்த சேறு! வெள்ளத்தில் நின்ற வண்டி அது. தண்ணீர் உள்ளே போன நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது, அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறையும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இந்த மாதிரி வண்டிகள் நிறைய ஏலத்துக்குப் போனது நினைவிருக்கும். 2023 டிசம்பரிலும் கார்கள் மூழ்கின. அதனால் மேல் துடைப்பை நம்பாதீர்கள், கவருக்கு உள்ளே பாருங்கள். ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் படிந்திருந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கிறது, அதையும் தொடாதீர்கள்.

கடைசியில் எடுத்தது பின்பக்கம் அடிபட்ட ஒரு 800-இல் இருந்து. இன்ஜின் இன்னும் வண்டியிலேயே இருந்தது, ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டோம், மூன்று சிலிண்டரும் 180-ஐ ஒட்டிக் காட்டின. கிடைத்தால் இப்படித்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்பக்கம் அடிபட்ட வண்டி வேண்டாம், 800-இல் இன்ஜின் முன்னாலேயே குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, அடி நேராக அதன் மேல்தான் விழும்.

வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் செட், மவுன்டிங் ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். நல்லாத்தானே இருக்கு என்று பழையதையே விட்டால், ஒரு சீலுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். எங்களுக்கு இந்தச் சாமான்களுக்கே இன்ஜின் விலையில் பாதிக்குக் கிட்ட ஆனது. ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தோம். பழைய இன்ஜினில் இருந்த சென்சார், இன்ஜெக்டர் எல்லாம் சரியாக வேலை செய்துகொண்டிருந்ததால் அவற்றையே வாங்கிவந்த இன்ஜினில் மாட்டினோம், வயரிங் பக்கம் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஆர்சி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு முன்அனுமதி கேட்கிறது, அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது நம்பரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், விபத்து கிளெய்முக்கும் அதே கதைதான். அதைவிட முக்கியம், அந்த இன்ஜின் திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கடைக்காரரிடம் பில், அதில் இன்ஜின் நம்பர், அந்த வண்டியின் ஆர்சி நகல் எல்லாம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். ஆர்சியில் மாறியதும் இன்சூரன்ஸிலும் மாற்றிவிடுங்கள்.

800-க்கு மாருதி ஆம்னி வேனின் இன்ஜின் போடலாமா என்று கேட்டிருந்த நண்பருக்கு: அதுவும் அதே 796 சிசிதான், மூன்று சிலிண்டர்தான். ஆனால் அங்கே சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுத்துக்கொண்டு பின் சக்கரத்தை ஓட்டுகிறது, 800 முன் சக்கர வண்டி. அப்படியே தூக்கி வைக்க முடியாது, பிராக்கெட் முதல் பல சாமான்களை மாற்ற வேண்டும். விலை குறைவாகக் கிடைத்தாலும் நேர் 800 இன்ஜினுக்கே காத்திருங்கள், அதுவும் உங்கள் மாடல் வருடத்தை ஒட்டியதாக.